முன்பாரம், பின்பாரம்

திருத்துறைப்பூண்டியில் நடு எஞ்சின் வைத்த கார் எதையாவது பார்த்ததுண்டா என்று வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்று மாதக்கணக்காகத் தனக்குள் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருப்பவர் அவர். கேள்வியில் கொஞ்சம் கேலியும் கலந்திருந்தது. நெல் மூட்டையும் வைக்கோல் கட்டும் தவிர உங்கள் ஊர்ச் சாலையில் வேறென்ன போகும் என்பது அதன் உட்பொருள். நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன், அதில் ஏறி மன்னார்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் போயிருக்கிறேன், இரண்டு முறை இறங்கித் தள்ளியும் இருக்கிறேன் என்று பதில் எழுதினேன். நான் குறிப்பிட்டது மாருதி ஆம்னியை.

குறும்புக்காகச் சொன்னதல்ல இது. 1984-ஆம் ஆண்டு மாருதி வேன் என்ற பெயரில் வந்து, சில ஆண்டுகளில் ஆம்னி என்று பெயர் மாறிய அந்த டப்பா வண்டியின் எஞ்சின், மூக்கிலும் இல்லை, வாலிலும் இல்லை. முன் அச்சுக்குப் பின்னால், முன் இருக்கைகளுக்கு அடியில் படுத்திருக்கிறது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். உந்துவது பின் சக்கரங்களை. அதே 1984-இல்தான் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் எம்.ஆர்.2 என்ற இரட்டை இருக்கைக் காரை வெளியிட்டது. சாமானியர் வாங்கக்கூடிய நடு எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார் என்று உலகம் கொண்டாடிய வண்டி அது. அதில் எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கும். ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்று தூய்மைவாதிகள் சொல்வார்கள். சொல்லட்டும். இரண்டு அச்சுகளுக்கும் நடுவே எஞ்சினை வைப்பது என்ற ஒரே எண்ணத்தின் இரண்டு வடிவங்கள் இவை. ஒன்று வேகத்துக்காகச் செய்தது, மற்றது இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகச் செய்தது.

இன்னும் நெருங்கிய உறவு ஒன்றும் உண்டு. 1992-இல் ஜப்பானில் ஆட்டோசாம் ஏ.இசட்.1 என்றொரு குட்டிக் கார் வந்தது. கதவுகள் பறவையின் இறக்கைபோல மேல்நோக்கித் திறக்கும். உயரமான ஆள் உள்ளே உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். இன்று சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்துத் தேடும் பொருள். அதன் முதுகில் இருந்தது சுஸூகியின் 657 சி.சி. டர்போ எஞ்சின், எஃப் வரிசையைச் சேர்ந்தது. நம் ஆம்னியின் எஞ்சினும் அதே எஃப் வரிசைதான். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று சொல்லலாம். ஒருவன் டோக்கியோவில் கண்ணாடி மாளிகையில் நிற்கிறான், இன்னொருவன் முள்ளியாற்றங்கரையில் கருவாட்டுக் கூடை சுமக்கிறான். குடும்பங்களில் இது நடப்பதுதான்.

எஞ்சினை ஏன் நடுவில் வைக்கவேண்டும் என்பதைப் பொறியியல் நூல்கள் நிறைய சூத்திரங்களோடு விளக்கும். டெல்டாவில் பாரவண்டி ஓட்டியவர்களுக்கு அந்த விளக்கம் தேவைப்படாது. முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொற்கள் அவர்களிடம் இருந்தன. மூட்டைகளை முன்னால் தள்ளி அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் தள்ளி அடுக்கினால் ஏர்க்கால் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். பாரம் அச்சின் மேல் சமமாக உட்கார்ந்தால் மாடு இழுப்பது தெரியாமல் இழுத்துக்கொண்டு போகும். முத்துப்பேட்டை அலையாத்திப் பக்கம் தோணி தள்ளுபவர்களும் இதையேதான் செய்கிறார்கள். கனமானவரை நடுப்பலகையில் உட்கார வைப்பார்கள். பம்பரம் சுற்றத் தெரிந்த சிறுவனுக்கும் இது தெரியும். எடை நடுவில் குவிந்த பொருள் எளிதில் திரும்பும்.

எளிதில் திரும்பும் என்பதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிடி விட்டால் எளிதில் சுழலும். எம்.ஆர்.2-இன் இரண்டாம் தலைமுறை 1989-இல் வந்தபோது, வளைவில் திடீரென்று ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தவர்கள் கண் மூடித் திறப்பதற்குள் வந்த வழியைப் பார்த்து நின்றார்கள். டொயோட்டா பின்னர் சஸ்பென்ஷனையும் டயர்களையும் மாற்றியமைக்க வேண்டியிருந்தது. நம் ஆம்னிக்கு இந்தச் சிக்கல் வேறு விதமாக வரும். உயரமாய், ஒல்லியாய், எடை குறைவாய் இருக்கும் வண்டி. மழைக்காலத்தில் வேதாரண்யம் சாலையில் கடற்காற்று பக்கவாட்டில் அறையும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தவரின் முகத்தைப் பார்த்தால் போதும்.

பந்தயக் களத்தில் இந்த எண்ணம் வென்றது 1950-களின் இறுதியில். அதற்கு முன் 1930-களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் கார்கள் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து ஓடியிருந்தாலும், அது ஒரு விநோதமாகவே கருதப்பட்டது. 1958-இல் அர்ஜென்டினாவில் ஸ்டர்லிங் மாஸ், கூப்பர் என்ற சிறிய ஆங்கில நிறுவனத்தின் காரில் வென்றார். 1959-இலும் 1960-இலும் ஜாக் பிராபம் அதே நிறுவனத்தின் காரில் உலகச் சாம்பியன் ஆனார். அதன் பின் மூக்கில் எஞ்சின் வைத்த ஃபார்முலா ஒன் கார் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. 1966-இல் லம்போர்கினி மியூரா வந்து, பந்தயக் களத்து அமைப்பைப் பணக்காரர்களின் வாசலுக்குக் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு என்பது நம் இலக்கிய வட்டாரங்களில் பலருக்குத் தெரியாது. கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன், மாருதியின் சின்ன எஞ்சினை எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தி, ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். கடையில் கிடைக்கும் உதிரிப் பாகங்களைக் கொண்டே செய்த கார். நடுத்தரக் குடும்பத்துப் பையனும் பந்தயம் ஓட்டலாம் என்ற நிலைமையை உண்டாக்கியது அதுதான். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முதல் இந்தியராக இறங்கிய நரேன் கார்த்திகேயன், இருங்காட்டுக்கோட்டையில் ஃபார்முலா மாருதி ஓட்டித்தான் தொடங்கினார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள ஓடுதளம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஒரு நாவலுக்கு வேண்டிய அத்தனையும் இருக்கும் வாழ்க்கை. வில்வண்டியின் சலங்கைக்கு நூறு பக்கம் ஒதுக்கிய நம் உரைநடை, இயந்திரம் என்று வந்தால் ஏனோ புகையையும் இரைச்சலையும் மட்டும் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. அது கிடக்கட்டும்.

நண்பரின் சிக்கலுக்கு வருகிறேன். நடு எஞ்சின் ஸ்போர்ட்ஸ் காரைப் பழையதாக வாங்குவதில் உள்ள கண்ணிகள் உலகறிந்தவை. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. எஞ்சின் கை எட்டாத இடத்தில் இருக்கிறது. ஃபெராரி எஃப்.355 என்ற அழகான கார் 1990-களில் வந்தது. அதன் டைமிங் பெல்ட்டைச் சில ஆண்டுகளுக்கொரு முறை மாற்றியாகவேண்டும். மாற்ற வேண்டுமானால் முழு எஞ்சினையும் வண்டியிலிருந்து கீழே இறக்கவேண்டும். பெல்ட்டின் விலை சொற்பம், கூலிதான் ஆளை விழுங்கும். ஆகவே முன்னவர் அதைத் தள்ளிப்போடுவார். தள்ளிப்போட்டு, பளபளவென்று மெழுகு பூசி, விற்றுவிடுவார். போர்ஷே பாக்ஸ்டரின் ஆரம்பத் தலைமுறையில் எஞ்சினுக்குள் ஒரு சிறிய பேரிங் இருந்தது. அது போனால் எஞ்சினே போயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஓட்டிப் பார்த்தாலும் பெரும்பாலும் தெரியாது. அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூடி வழக்குத் தொடுக்கும் அளவுக்கு அது போயிற்று. எம்.ஆர்.2-வில் ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். நடுவில் வண்டியின் நீளத்துக்கும் தண்ணீர்க் குழாய்கள். அந்தக் குழாய்களில் காற்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுற்றாது, எஞ்சின் வெந்துபோகும். ஃபுட் வால்வு ஒழுகி, மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாத பம்புசெட்டின் முன்னால் குடத்தோடு நின்றிருக்கும் எந்த டெல்டா விவசாயிக்கும் இதை ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடலாம்.

நண்பர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இழப்பது பணம் மட்டுமே. ஞாயிற்றுக்கிழமை ஓட்டும் வண்டி, நின்றுவிட்டால் டாக்சி பிடித்து வீட்டுக்குப் போவார். ஆனால் இதே கேள்வியை எங்கள் பக்கம் ஒருவர் கேட்கும்போது அதில் வேறு பாரம் ஏறியிருக்கிறது. சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கைக்கு வந்த மாசி, பங்குனியில்தான் இங்கே பழைய வண்டிகள் கை மாறும். அண்ணே, ஒரு ஆம்னி வருது, மூணாவது ஓனர், எஞ்சின் நல்லா இருக்குங்கிறாங்க, எடுக்கலாமா என்று கேட்பவருக்கு அது பொழுதுபோக்கு அல்ல. மிச்சமிருக்கும் பத்து ஆண்டு வாழ்க்கையை அதில் ஏற்றப் போகிறார்.

ஆம்னியை இகழ்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சினிமாவில் ஆள் கடத்துவதற்கு மட்டுமே பயன்பட்ட வண்டி என்று நகரத்து இளைஞர்கள் சிரிக்கிறார்கள். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால், நள்ளிரவில் பாம்பு கடித்தவரையும் பிரசவ வலி கண்டவளையும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனது பெரும்பாலும் இதுதான். பக்கக் கதவைத் தள்ளினால் ஒரு ஆளைப் படுத்த வாக்கிலேயே ஏற்றிவிட முடியும். அதே கதவு வழியாகத்தான் சில சமயம் திரும்பிக் கொண்டுவரவும் செய்தார்கள். அகலப்பாதைப் பணிக்காக எங்கள் ரயில் நிலையம் ஆண்டுக்கணக்கில் வாயடைத்துக் கிடந்தது. திருவாரூர்–காரைக்குடித் தடத்தில் 2019-இலும் அகஸ்தியம்பள்ளித் தடத்தில் 2023-இலும்தான் மீண்டும் ரயில் ஓடியது. இடைப்பட்ட காலத்தில் பேருந்து போகாத ஊர்களின் கல்யாணங்களையும் கருமாதிகளையும் சுமந்தது இந்தத் தகர டப்பாதான். அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிட்டுத்தான் மேலே பேசுகிறேன்.

பழைய ஆம்னியை வாங்கப் போகிறவர் முதலில் எஞ்சினைப் பார்க்கக்கூடாது என்பது என் கட்சி. தரையைப் பார்க்கவேண்டும். டெல்டாவின் கடைமடையில் காற்றே உப்பு. வேதாரண்யத்தில் உப்பளம், கோடியக்கரையிலும் முத்துப்பேட்டையிலும் மீன். உப்போ மீனோ ஏற்றிய வண்டியின் வயது ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதைவிட இருமடங்கு. ஐஸ் உருகி வழிந்த மீன் தண்ணீர் தரைத் தகடுகளின் மடிப்புக்குள் புகுந்து, உள்ளிருந்து தின்னும். மேலே ரப்பர் பாயும் புது பெயிண்டும் போட்டு நிறுத்தியிருப்பார்கள். பாயைத் தூக்கி, ஒரு ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனால், நல்ல தகடு கணீரென்கும், செத்த தகடு மண்பானைபோலச் சொத்தென்கும். பெயிண்டுக்கு மேல் ஒரு காந்தத்தை வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. ஒட்டாத இடத்தில் இருப்பது தகடல்ல, பட்டி. பக்கக் கதவு ஓடும் தண்டவாளமும் அதன் உருளைகளும் அடுத்தது. கதவை ஒரு கையால் மூட முடியவில்லை என்றால் உருளை தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ இடித்து உடம்பே கோணியிருக்கும். முதலாவது சில நூறு ரூபாய்ச் செலவு. இரண்டாவதற்கு டிங்கர் வேலை பார்ப்பவர் கையை விரித்துவிடுவார்.

வெள்ளத்தில் முழுகிய வண்டி என்று ஓர் இனம் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. அதன் பின் வந்த மாதங்களில் மலிவாய்க் கிடைத்த எந்தச் சென்னைப் பதிவு வண்டியையும் சந்தேகத்தோடுதான் அணுகவேண்டியிருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது எங்கள் பக்கம் தென்னை விழுந்து நசுங்கிய வண்டிகள் எத்தனையோ. அவையெல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கூரை நிமிர்த்தப்பட்டு, சாயம் பூசப்பட்டு, இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் தண்ணீர் ஏறிய வண்டி தன் கதையைச் சொல்லும். சுருளின் உட்பகுதியில் சேறு படிந்த கோடு இருக்கும். அதைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை.

இப்போது எஞ்சின். இருக்கையைத் தூக்கினால் கண்ணில் படும். ஃபெராரிக்காரருக்கு இல்லாத வசதி. எங்கள் மெக்கானிக்குகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெற்றிலை மென்றுகொண்டே அரை நாளில் பாதி எஞ்சினைக் கழற்றிவிடுவார்கள். ஆனால் பெட்டிக்குள் அடைபட்ட எஞ்சின் என்பதால் வெப்பத்துக்குப் போக்கிடம் குறைவு. சித்திரை வெயிலில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவருக்குத் தொடை வேகும். அந்த எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியம். ஒரு முறை தண்ணீர் வற்றிச் சூடேறினால் தலை வளையும், ஹெட் கேஸ்கெட் போகும். இதில் எங்கள் ஊர்க் குறும்பு ஒன்று சேர்கிறது. ரேடியேட்டரில் கூலண்ட் ஊற்றுவது வீண் செலவு என்று கருதி, வாய்க்கால் தண்ணீரையோ உவர்ப்பேறிய கைபம்புத் தண்ணீரையோ ஊற்றுவார்கள். கடைமடையின் நிலத்தடி நீர் பல இடங்களில் வாயில் வைக்க முடியாது. மனிதன் குடிக்க மறுக்கும் தண்ணீரை அலுமினியம் மட்டும் எப்படிக் குடிக்கும்? உப்பு உலோகத்தை அரிக்கும், சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும். ஆறு மாதம் ஓடும், ஏழாவது மாதம் நடு வழியில் ஆவி விடும்.

ஆகவே குளிர்ந்த எஞ்சினைத்தான் பார்க்கவேண்டும். காலையில் முன்னறிவிப்பின்றிப் போங்கள். நீங்கள் வருவதற்குள் வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அதுவே ஒரு பதில். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரில் குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் கேஸ்கெட் போயிருக்கிறது. ஆயில் மூடியின் உட்புறம் மோர்போல வெள்ளையாய் ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். நீலப்புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் அடிக்கிறது. ரீபோர் வரை போகும். கரும்புகை கார்புரேட்டரின் கோளாறு, அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. விலையைக் குறைக்க உதவும். கியர் விழ மறுத்தால் உடனே கியர்பாக்ஸைப் பழிக்காதீர்கள். நடுவே ஓடும் கம்பிகளின் புஷ் தேய்ந்திருக்கும். புறப்படும்போது அடியில் டொக் என்று ஒரு சத்தம் வந்தால் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் போயிருக்கிறது. பின் பட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பின்னால் நின்று பாருங்கள். இல்லையென்றால் அது ஆள் ஏற்றிய வண்டி அல்ல, மூட்டை ஏற்றிய வண்டி. கிலோமீட்டர் காட்டும் எண்ணை நம்பவே வேண்டாம். பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் மட்டும் நாற்பதாயிரம் என்று சொன்னால், இரண்டில் ஒன்று பொய். ரப்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

இவையெல்லாம் பணம் கொடுத்தால் தீரும் நோய்கள். நான் எழுத வந்தது தீராத இரண்டைப் பற்றி.

முதலாவது, கேஸ். பெட்ரோல் விலைக்குப் பயந்து ஆம்னிகள் கூட்டம் கூட்டமாய் எரிவாயுவுக்கு மாறின. வாகனத்துக்கென்று செய்யப்பட்ட எரிவாயுத் தொட்டி தடிமனான இரும்பால் ஆனது. எண்பது விழுக்காட்டுக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் வால்வு அதில் உண்டு. ஐந்தாண்டுக்கொரு முறை சோதிக்கவேண்டும், ஆர்.சி.யில் பதியவேண்டும். அதை முறையாகப் பொருத்திக்கொண்டவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் ஊர்களில் நான் கண்ட வண்டிகள் பலவற்றில் பின் இருக்கைக்கு அடியில் கிடந்தது சமையலறையிலிருந்து வந்த 14.2 கிலோ சிலிண்டர். அது அடுப்படியில் நிமிர்ந்து நிற்பதற்காகச் செய்யப்பட்டது. குண்டும் குழியுமான சாலையில் படுத்துக்கொண்டு குலுங்குவதற்காக அல்ல. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். தேங்கும் இடத்துக்கு அருகிலேயே, இருக்கைக்கு அடியில், தீப்பொறி விட்டுக்கொண்டிருக்கும் எஞ்சின். நடு எஞ்சின் என்ற அமைப்பின் எல்லாப் பெருமைகளும் அந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன. பழைய ஆம்னியில் சிலிண்டருக்கான அடையாளம், அதாவது ஒரு செம்புக் குழாயின் மிச்சமோ தரையில் துளைத்த ஓட்டையோ தெரிந்து, அது ஆர்.சி.யில் இல்லையென்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, குழந்தைகள். பழைய ஆம்னியை வாங்குகிறவர்களில் கணிசமானோர் மனத்தில் வைத்திருப்பது காலையும் மாலையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றுவதை. பெட்ரோல் போக மாதம் ஏதோ நிற்கும் என்ற கணக்கு. வெள்ளைப் பலகை வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பதும், பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாடு அரசு 2012-இல் தனி விதிகள் கொண்டுவந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியாததல்ல. எல்லாரும் ஓட்டுகிறார்கள் என்பதுதான் பதில். 2009 டிசம்பரில் வேதாரண்யம் அருகே கரியாப்பட்டினத்தில் பள்ளி வேன் குளத்துக்குள் பாய்ந்து, பிள்ளைகளும் அவர்களைக் காப்பாற்ற முயன்ற இளம் ஆசிரியை சுகந்தியும் இறந்தார்கள். அங்கே பழுதானது இயந்திரம் அல்ல, ஓட்டியவரின் கவனம். ஆனால் எங்கள் பக்கத்துச் சாலை எப்படிப்பட்டது என்பதை அந்த நாள் சொல்லியது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் குளம், நடுவில் இரண்டு வண்டி ஒதுங்க முடியாத தார்.

அந்தச் சாலையில், முகத்தில் எஞ்சின் இல்லாத வண்டி என்றால் என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். மற்றக் கார்களில் மோதலின் அடியை முதலில் வாங்குவது மூக்கு; அது நசுங்கி, ஆளைக் காக்கும். ஸ்போர்ட்ஸ் காரிலும் நடுவில் எஞ்சின் இருந்தாலும் முன்னால் நீண்ட மூக்கு உண்டு. ஆம்னியில் கண்ணாடி, ஒரு தகடு, அடுத்தது முழங்கால். முன்னிருக்கையில் மடியில் ஒன்றும் இடுக்கில் ஒன்றுமாய் உட்கார்ந்திருக்கும் யூ.கே.ஜி. பிள்ளைகள்தான் அந்த வண்டியின் மூக்கு. மோதல் சோதனையும் காற்றுப்பையும் கட்டாயமான 2019-இல் மாருதி நிறுவனம் முப்பத்தைந்து ஆண்டுகள் விற்ற வண்டியை நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் இந்த உடலமைப்புதான். செய்தவர்களே திருத்த முடியாது என்று கைவிட்டதை, மூன்றாவது கையாக வாங்கி, பன்னிரண்டு பிள்ளைகளை அடைத்து ஓட்டுவதை ஏழ்மையின் பெயரால் நியாயப்படுத்த என்னால் இயலவில்லை. ஓட்டுகிறவரின் ஏழ்மை உண்மைதான். ஆட்டோவுக்குக் கொடுக்கப் பணமில்லாத பெற்றோரின் ஏழ்மையும் உண்மைதான். அரசுப் பேருந்து எட்டு மணிக்கு வராமல் ஒன்பதரைக்கு வருவது அதைவிடப் பெரிய உண்மை. கோபப்பட வேண்டிய இடம் அது. சமாதானம் செய்துகொள்ள வேண்டிய இடம் அந்த முன்னிருக்கை அல்ல.

அப்படியானால் யார் வாங்கலாம்? வயலுக்கு விதையும் உரமும் கொண்டுபோகிறவர், மைக் செட் வைத்திருப்பவர், பந்தல்காரர், காய்கறி வியாபாரி. தனியாக ஓட்டுகிறவர், நாற்பதைத் தாண்டாதவர், தன் வண்டியின் அடியில் தானே படுத்துப் பார்க்கிறவர். அவர்களுக்கு இதைவிட எளிய இயந்திரம் கிடைப்பது அரிது. விலையைப் பேசும்போது ஒன்றை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும். பதினைந்து ஆண்டு முடிந்த சொந்த உபயோகக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆயிற்று. இருபது ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025-இல் அதையும் இரட்டிப்பாக்கினார்கள். கடைசி ஆம்னிகளைத் தவிர மற்றவை எல்லாம் இந்த வரம்புகளில் ஒன்றைத் தாண்டிவிட்டன, அல்லது தாண்டிக்கொண்டிருக்கின்றன. புரோக்கர் இதைச் சொல்லமாட்டார்.

விற்கிறவருக்கும் ஒரு வார்த்தை. படிவம் 29-இலும் 30-இலும் வெறும் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது எங்கள் பக்கம் பெருந்தன்மையாகக் கருதப்படுகிறது. விற்ற பதினான்கு நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. மூன்று கை மாறி, சிலிண்டர் ஏறி, பிள்ளைகளை அடைத்துக்கொண்டு வேதாரண்யம் சாலையில் போகும் அந்த வெள்ளை வண்டியின் ஆர்.சி.யில் இன்னமும் யார் பெயர் இருக்கிறது என்று, பத்து ஆண்டுகளுக்கு முன் ஆம்னியை விற்றவர்கள் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.